சிவப்பு விழாத கட்டம்

பாப்பாரப்பட்டி
11-02-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிரவீன் எழுதுவது. இங்கே நானும் சுபாவும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாமாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

என் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரிகிறதோ இல்லையோ. நீ போகும்போது நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். சுபாவைக் கட்டி நாலு வருடம் ஆகிறது. உனக்குப் பத்திரிகை அனுப்பவில்லை. அது என் தப்புதான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ அனுப்பும் வாழ்த்து அட்டை வந்துவிடும். பன்னிரண்டும் என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்துதான் இந்த விலாசத்தை எடுத்தேன். ஒரு அட்டையில், ஆஸ்பத்திரிக்கும் குடோனுக்கும் கம்ப்யூட்டர் திரை வடிவமைக்கும் வேலையில் இருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தாய். அதை நம்பித்தான் கேட்கிறேன்.

நம் பங்குக் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்திருக்கிறார். கோயில் ஆபீஸில் இருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு குடும்ப அட்டையையும் கம்ப்யூட்டரில் ஏற்றியே தீரவேண்டும் என்கிறார். ஃபேக்டரியில் மவுஸ் பிடிக்கிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. யாரோ செய்து கொடுத்த ஒரு திரை இருக்கிறது. காலை எட்டு மணி தர்மபுரி பஸ் மாதிரி, எங்கே கால் வைப்பது என்றே தெரியவில்லை. நீ ஒன்று செய்து கொடுப்பாயா? கூலியாக ஜெபம் செய்வதாகச் சாமியார் சொல்கிறார்.

அப்பா கோயில் உபதேசியார் வேலையிலிருந்து நின்று மூன்று வருடம் ஆகிறது. முன்னைப் போல இல்லை.

போன் நம்பரும் எழுது என்று கேட்கத் தைரியம் இல்லை. போனில் என்றால் உடனே பதில் சொல்லவேண்டும். கடிதம் என்றால் நாலு நாள் யோசிக்கலாம்.

உன் தம்பி,
ஆரோக்கிய பிரவீன்

*

புனே
26-02-2024

அன்புள்ள பிரவீனுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ, சுபா, அப்பா மூவரும் நலம் என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

பன்னிரண்டு வருடத்தில் வீட்டிலிருந்து முதல் கடிதம், அதுவும் வேலை கேட்டு. கோபம் வந்தது. கோபத்தோடு காய்கறி வாங்கப் போய், வாங்காமல் திரும்பி வந்து, மறுபடியும் எடுத்துப் படித்தேன். செய்கிறேன். ஜெபம் வேண்டாம், சொல்வதைக் கேட்டால் போதும்.

முதலில் ஒரு கேள்வி. இதன் முன்னால் உட்காரப்போவது யார்? வயது என்ன, கண் எப்படி, கை எப்படி, இதற்கு முன் என்ன எழுதிப் பழக்கம்? திரையின் அழகெல்லாம் அப்புறம். முப்பது வயது ஆளுக்குச் செய்ததை எழுபது வயது ஆளிடம் கொடுத்தால், ‘எனக்கு இது வராது’ என்று தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்வார். குறை நம்முடையது.

நான் திரையை எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டரில் செய்ய மாட்டேன். மூன்று திரைகளைத் தாளில் அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். உட்காரப்போகிறவர் முன்னால் வைத்து, ‘இந்தக் குடும்பத்தைப் பதிவு செய்ய எங்கே அழுத்துவீர்கள்?’ என்று கேள். விரல் முதலில் எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் புள்ளி வைக்கட்டும். நீ வாயைத் திறக்காதே. உதவி செய்தால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். அவர் முணுமுணுத்தால் அதை அப்படியே எழுது.

தாள்களைத் தபாலிலேயே திருப்பி அனுப்பு. போட்டோ எடுத்தால் பென்சில் அழுத்தம் தெரியாது.

உன் அக்கா,
இசபெல்லா

*

பாப்பாரப்பட்டி
20-03-2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவீன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தவக்காலம் என்பதால் வீட்டில் கவுச்சி இல்லை, அதுதான் பெரிய துன்பம். நீயும் மாமாவும் சுகம்தானே?

ஆபீஸில் உட்காரப்போவது ஒரு பெரியவர். வயது எழுபதுக்கு மேல். வீட்டில் சும்மா இருக்கமுடியாமல் இந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு விரலால்தான் தட்டுவார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்யவேண்டும், செய்யலாம் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறார். கை கொஞ்சம் நடுங்கும்.

தாள்களை வைத்துக் கேட்டேன். நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ரொம்பக் கஷ்டம் அக்கா அது.

நீ ‘பதிவு செய்’ என்பதை மேலே வைத்திருந்தாய். அவர் புள்ளி வைத்தது கீழே வலது மூலையில், வெறும் இடத்தில். ஏன் என்றால், “கையெழுத்துப் போடுற எடம் அங்கதானேடா இருக்கும்” என்றார். பதிவேட்டில் அப்படித்தான்.

கீழே வெளிர் நீலத்தில் ‘பதிவானது’ என்று எழுதியிருந்தாயே, அது இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. தாளில் கறை என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்த்தார்.

இறந்தவர்கள் பெயரைச் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தாய். அதில்தான் கோபம் வந்துவிட்டது. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “செத்தவங்க பேரை எதுக்கு இப்புடி மங்கலாப் போட்டுருக்குது? செத்துட்டா குடும்பத்து ஆளு இல்லாமப் போயிடுவாங்களா?” என்று தாளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அவராகவே வந்து மிச்சப் புள்ளிகளை வைத்தார். வெற்றுக் குடும்ப அட்டை ஒன்றும், என்னென்ன வேண்டும் என்று சாமியார் எழுதிய சீட்டும், என் மெயில் விலாசமும் இதோடு இருக்கிறது.

மாமா எப்படி இருக்கிறார்? அவர் வீட்டார் கம்பைநல்லூரை விட்டுத் திருப்பூர் போனதிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

உன் தம்பி,
பிரவீன்

*

புனே
08-04-2024

அன்புள்ள பிரவீனுக்கு,

அக்கா எழுதுவது. ஈஸ்டர் நல்லபடி முடிந்திருக்கும், கவுச்சியும் திரும்பியிருக்கும். சுபாவுக்கு என் அன்பு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பெரியவர் சொன்னது எல்லாமே சரி, என்னுடையதுதான் தப்பு. இறந்தவர்களைச் சாம்பலாக்குவது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். முடிந்துபோன ஆர்டர், விற்றுப்போன சரக்கு, இறந்துபோன மனிதர், எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல். பதினைந்து வருடமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இப்போது மாற்றிவிட்டேன். எல்லோர் பெயரும் ஒரே கறுப்பில் இருக்கும், இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை மட்டும் விழும்.

புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரியும். வெளிர் நீலம் அதில் கரைந்துவிடும். அதனால் நீலத்தை முழுக்க எடுத்துவிட்டேன். பின்புறம் கிரீம் நிறம், எழுத்து கருகருவென்று பெரிதாக. ‘பதிவு செய்’ கீழே வலது பக்கம், பச்சையில், கட்டைவிரல் அகலத்துக்கு. ‘அழி’ என்பதை மேலே இடது மூலைக்குத் துரத்திவிட்டேன். கை நடுங்குகிறவர் பக்கத்தில் அதை வைக்கக்கூடாது.

கட்டங்கள் குடும்ப அட்டையின் வரிசையிலேயே இருக்கும். ஊரை விட்டுப் போனவர்களுக்குக் கடைசியில் மூன்று கட்டம்: போன தேதி, வெளியேறிய காரணம், திரும்பி வந்த தேதி. காரணத்தைக் கட்டாயம் நிரப்பவேண்டும் என்று உன் சாமியார் கேட்டிருந்தார், அப்படியே செய்தேன். திருமணம், வேலை, படிப்பு, வேறு பங்கு என்று நாலு வைத்திருக்கிறேன், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். திரும்பி வந்த தேதி கட்டாயமில்லை. வராதவர்கள்தானே அதிகம்.

மெயிலில் மொத்தத்தையும் அனுப்பிவிட்டேன். பிரித்துப் போட்டுக்கொள்.

இங்கே வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் பேசுவதுதான் பேச்சு. அது முடிந்தால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கும், எத்தனை என்று எண்ணுவேன். பெரியவர் முணுமுணுத்ததை எழுதுகிறாயே, அதை நிறுத்தாதே.

உன் அக்கா,
இசபெல்லா

*

பாப்பாரப்பட்டி
30-06-2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவீன் எழுதுவது. எல்லோரும் சுகம். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, திட்டாதே. மாம்பழ சீசன். லாரி வரிசை ரோட்டை அடைத்து நிற்கிறது, வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுகிறேன்.

நூற்று அறுபது குடும்பம் ஏறிவிட்டது. பெரியவர் காலைப் பூசை முடிந்ததும் போய் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை. சிலுவை போட்டது அவருக்கு ரொம்பத் திருப்தி.

ஆனால் ஒரு சிக்கல். நிரப்பாத கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுகிறதல்லவா, அதைப் பார்த்து அவர் ஆடிப்போய்விட்டார். யாரிடமும் கேட்கவும் இல்லை. சிவப்பைப் போக்குவதற்குக் கையில் கிடைத்ததையெல்லாம் தட்டியிருக்கிறார். போன் இல்லாத கிழவிகளுக்கெல்லாம் பத்து சைபர். பிறந்த தேதி தெரியாத இருபத்தேழு பேருக்கு ஜூன் 13. அந்தோணியார் திருநாள். எந்த வருடம் போடுவது என்று மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி யோசித்திருக்கிறார். ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு 2042ஆம் வருடம் என்று இருக்கிறது, அது நடுக்கத்தில் மாறிவிழுந்தது.

சாமியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “செவப்புக் கோடு போட்டா பங்கை வுட்டு நீக்கிட்டதா அர்த்தம்டா. இவங்கல்லாம் என்ன தப்புப் பண்ணாங்க? போன் இல்லாததுக்கு நீக்கறதா?” என்றார்.

அந்தச் சிவப்பை எடுக்கமுடியுமா?

இரண்டு கடிதத்திலும் மாமாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டது தப்பா?

உன் தம்பி,
பிரவீன்

*

புனே
14-07-2024

பிரவீன்,

நலம் விசாரிக்கும் நிலையில் இப்போது இல்லை. அந்தப் பெரியவர் யார் என்று இனி நீ சொல்லவேண்டாம்.

நான் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் கழித்து, 2012 ஜூலையில், நம் கோயில் ஆபீஸுக்கு ஒரு தடவை வந்தேன். உனக்குத் தெரியாது. ரெஜிஸ்டர் கல்யாணம் முடிந்திருந்தது. கோயிலிலும் கல்யாண மந்திரிப்பு வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று மாதேஷ் சொன்னார். அதற்கு என் திருமுழுக்குச் சான்று வேண்டும். ஆபீஸில் இருந்த அக்கா நம் குடும்ப அட்டையை எடுத்துப் பிரித்தார். என் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து இழுத்தது. அப்போது பதிவேடு எழுதியது அப்பா, ஸ்கேல் இல்லாமல் அவர் கோடு போடமாட்டார். ‘நீக்கியவர்களுக்குச் சிவப்பு’ என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது, அது அவர் ஒருவரின் பழக்கம். அந்த அக்கா அட்டையைச் சட்டென்று மூடினார். நான் சான்று வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

ஐந்து மாதமாக அப்பாவின் கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன், அப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் பட்டனை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல். சாம்பல் எழுத்தைப் பார்த்து அவர் நினைத்துக்கொண்டது செத்துப்போன அம்மாவைத்தானே? தெரிந்திருந்தால் நான் செய்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது. அதனால்தான் நீ மறைத்தாய். கெட்டிக்காரன்.

நானும் ஒன்றை மறைத்தேன். திருமண நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறதே, என் வேலையில் அதை நூறு தடவை வரைந்திருப்பேன். மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர். நான் மூன்றாவதை அழுத்தவேண்டியவள். மாதேஷ் 2021 ஆகஸ்டில் போய்விட்டார். ஒரு வாரக் காய்ச்சல். திருப்பூரிலிருந்து அவர் அண்ணன் மட்டும் வந்து பக்கத்தில் நின்றார். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். கல்யாணத்தையே ஒத்துக்கொள்ளாத வீட்டுக்குச் சாவை எப்படி எழுதுவது? அந்த வருடமும் கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் அனுப்பினேன்.

சிவப்பை எடுத்துவிட்டேன். இந்தத் திரையில் இனி எங்கேயும் சிவப்பு கிடையாது. நிரப்பாத கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இது இன்னும் காலி’ என்று கறுப்பு எழுத்தில் வரும். பிறந்த தேதி தெரியாவிட்டால் வயது மட்டும் போடலாம், போன் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். எந்தத் தேதிக் கட்டமும் இன்றைக்குப் பிந்திய நாளை வாங்காது. 2042 மறுபடி நடக்காது.

இதைச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியுமா?

இசபெல்லா

*

பாப்பாரப்பட்டி
25-08-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனையோ தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு எழுதுகிறேன். சுபா உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள். நான் அழுதேன் என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் அழுதேன்.

மாமாவிடம் நான் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கலாம், அவர் போகவில்லை. ஒரு போன் செய்திருந்தால் நான் வந்திருப்பேன் என்று எழுத நினைத்தேன். உன்னிடம் என் நம்பர் எங்கே இருந்தது? அதைக் கொடுக்காதவனும் நான்தான். கீழே எழுதியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

அப்பாவுக்குத் தெரியாது. பெங்களூர் கம்பெனி ஒன்று செய்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சிவப்பு போனதும் என்ன சொன்னார் தெரியுமா? “வயசானவங்க கூட இருந்து பாத்தவங்க யாரோ பண்ணியிருக்கறாங்கடா. சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சிக்கறாங்க” என்றார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

செப்டம்பரில் வலது கண் ஆபரேஷன். முந்நூற்று இருபது குடும்பம் முடிந்தது. நம் அட்டையை மட்டும் எடுத்துக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். சொல்லிவிடட்டுமா?

உன் தம்பி,
பிரவீன்

*

புனே
10-09-2024

அன்புள்ள பிரவீனுக்கு,

நலம். சுபாவைக் கேட்டதாகச் சொல்.

சொல்லாதே. அவருக்குப் பிடித்திருப்பது பெங்களூர் கம்பெனியாகவே இருக்கட்டும். என் பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டரை மூடிவிட்டால் மிச்சக் குடும்பங்கள் நின்றுபோகும்.

ஆபரேஷன் முடிந்ததும் ஒன்று நடக்கும், முன்கூட்டியே அவரிடம் சொல்லிவை. வலது கண்ணில் கிரீம் நிறம் வெள்ளையாகத் தெரியும், இடது கண்ணில் பழைய மஞ்சளாகவே இருக்கும். மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிடப்போகிறார். ஒன்றும் கெடவில்லை, இத்தனை நாள் அப்படித்தான் இருந்தது என்று சொல்.

உன் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறேன். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமுடியாதோ என்று பயமாக இருக்கிறது.

உன் அக்கா,
இசபெல்லா

*

பாப்பாரப்பட்டி
21-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவீன் எழுதுவது. அப்பாவின் கண் நல்லபடி ஆயிற்று. நீ சொன்ன மாதிரியே, “ரெண்டு கண்ணுல ரெண்டு வூடு தெரியுது” என்று ஒரு வாரம் நம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் பேச்சை மீறிவிட்டேன். நானூற்றுப் பதினொன்று குடும்பமும் முடிந்து பதினைந்து நாளாகிவிட்டது. கடைசி அட்டை நம்முடையது. தினமும் காலையில் போகிறார், நம் குடும்பத்தைத் தட்டுகிறார், பதிவு செய்யாமல் மூடிவிட்டு வருகிறார். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. சாமியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். போய் என்ன பிரச்சினை என்று கேட்டேன். “இந்தக் கட்டம் சரியில்லடா. செஞ்சவங்க கிட்ட நான் பேசணும், நம்பரக் குடு” என்றார். அதற்கு மேல் என்னால் மறைக்கமுடியவில்லை. நீதான் என்று சொன்னேன். மாமா விஷயத்தையும் சொன்னேன்.

கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டு எழுந்து போனார். மூன்றாம் நாள், “கவர் ஒண்ணு வாங்கிட்டு வா” என்றார்.

இதோடு இருப்பது அவர் எழுதியது. ஒட்டிக் கொடுத்தார், நான் படிக்கவில்லை.

உன் தம்பி,
பிரவீன்

*

பாப்பாரப்பட்டி
20-11-2024

மகள் இசபெல்லாவுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் தயவில் வலது கண் தெளிவாகத் தெரிகிறது. இடது கண்ணுக்குத் தை மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எப்படி இருக்கிறது?

கம்ப்யூட்டரில் ஒரு குறை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் குடும்பம் மட்டும் பாக்கி. உன் அம்மா கேத்தரின் பெயரைப் போட்டேன், பக்கத்தில் சிலுவை விழுந்தது. பிரவீனையும் சுபாவையும் போட்டேன். உன்னையும் போட்டேன். பழைய அட்டையில் உன் பெயர் மேல் நான் இழுத்த கோடு இருக்கிறது. இதில் கோடு இழுக்க இடம் இல்லை. அது நல்லது.

உன் பெயருக்கு எதிரே வெளியேறிய காரணம் கேட்கிறது. கொடுக்காமல் பதிவு செய்ய விடமாட்டேன் என்கிறது. நாலுதான் இருக்கிறது. திருமணம் என்று போட்டுப் பார்த்தேன். கல்யாணமாகிப் போகிற பெண்ணை வீட்டார் கூடப் போய் வண்டி ஏற்றிவிடுவார்கள். உன்னை யாரும் ஏற்றிவிடவில்லை. அதனால் அழித்துவிட்டேன். வேலை, படிப்பு, வேறு பங்கு, எதுவும் உண்மை இல்லை. முப்பது வருடம் பதிவேடு எழுதினவன். கிழவிகளுக்குப் பிறந்தநாள் தப்பாகப் போட்டது தெரியாமல் செய்தது. தெரிந்து பொய் எழுதமாட்டேன்.

ஆகையால் ஐந்தாவதாக ஒரு காரணம் சேர்த்துக் கொடு. ‘அப்பா போகச் சொன்னார்’ என்று இருக்கட்டும். அதை அழுத்திப் பதிவு செய்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை விஷயம் பிரவீன் சொன்னான். மூன்று வருடமாக நீ அந்த ஊரில் தனியாக இருந்திருக்கிறாய். மகளுடைய துக்கத்துக்கு வந்து நிற்காத அப்பன் நான். ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்ள மாதேஷ் என்று பெயர் எழுதிக் கொடுத்தேன். சாமியார் வாசித்தார்.

கடைசிக் கட்டம் திரும்பி வந்த தேதி. அதைக் காலியாக விட்டால் ஒன்றும் சொல்வதில்லை. திருப்பூர், பெங்களூர் போன பிள்ளைகள் எல்லோருக்கும் காலியாகத்தான் விட்டேன். உனக்கு மட்டும் விட மனம் வரவில்லை.

அப்பா,
செபாஸ்டின்

*

புனே
02-12-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இசபெல்லா தோத்திரத்துடன் எழுதுவது. உடம்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பரவாயில்லை. ஒரு வேளை சமைத்து மூன்று வேளை சாப்பிடுகிறேன். தூக்கம் குறைவு. மாதேஷின் பெயர் நம் கோயிலில் வாசிக்கப்பட்டது என்ற வரியில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக் கோபம், ஒரு கவரில் அடங்காது. நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

நீங்கள் கேட்ட ஐந்தாவது காரணத்தைச் சேர்க்கமாட்டேன். பட்டியலில் ஒன்றை வைத்தால் அது நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் வரும். நாளைக்கு வேறொரு அப்பாவுக்குக் கோபம் வரும்போது, அழுத்துவதற்கு அது தயாராக அங்கே இருக்கக்கூடாது. நீங்கள் அன்றைக்குப் ‘போ’ என்ற வார்த்தையைத் தேடித்தான் சொன்னீர்கள். மற்றவர்களும் தேடட்டும்.

அதற்குப் பதிலாக, காரணம் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டேன். சாமியாரிடம் நான் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். பிரவீன் புதியதைப் போட்டுக் கொடுப்பான். காரணத்தைக் காலியாக விடுங்கள். பொய்யும் எழுதவேண்டாம், அதையும் எழுதவேண்டாம். நமக்குத் தெரியும், அது போதும்.

டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் ரயில் இறங்குகிறேன். பத்து நாள் லீவு. பத்து நாளுக்கு வந்துபோகிறவளுக்கு அந்தக் கட்டத்தில் தேதி போடலாமா என்று யோசிப்பீர்கள். போடலாம். வந்தார்களா என்றுதான் நான் அதில் கேட்டிருக்கிறேன், எத்தனை நாள் இருந்தார்கள் என்று கேட்கவில்லை.

ஆனால் இப்போதே போட்டுப் பார்க்காதீர்கள். வராத நாளை அந்தக் கட்டம் வாங்காது, நான் அப்படிச் செய்து வைத்திருக்கிறேன். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு தட்டுங்கள். பதிவு செய்யும் இடம் கீழே வலது பக்கம் இருக்கிறது, கையெழுத்துப் போடும் இடத்தில்.

உங்கள் மகள்,
இசபெல்லா